துக்கத்துக்கு ஒரு வினைமுற்று

செரஸ் குறுங்கோளில், தரைக்கு அறுநூறு மீட்டர் கீழே இருக்கும் தென்பாறைக் குடியிருப்பில், உலகம்மை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அவளுடைய இடது காதுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் நேற்றைய பேச்சுக்கு விவரம் சொல்லத் தொடங்கியது. "நேற்று நீங்கள் பேசியவை மூவாயிரத்து நூற்றிரண்டு சொற்கள். கோபம் பதினொன்று. சலிப்பு நாற்பது. துக்கம் இல்லை. இன்றும் நல்ல நாளாக அமையட்டும்." உலகம்மை வாய் கொப்பளித்துத் துப்பினாள். குழாய் அந்த நீரை உறிஞ்சி, வடிகட்டி, நாலு சுவர் தள்ளி இன்னொரு வீட்டுக்குக் குடிநீராக அனுப்பியது. இரண்டுமே அங்கே யாரும் நின்று கவனிக்கிற விஷயங்கள் இல்லை.

காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் இருப்பதற்குச் செவிமணி என்று பெயர். அரிசி அளவுதான் இருக்கும். குழந்தை பிறந்த மூன்றாம் நாள் வைத்துவிடுவார்கள். அது தன் காதில் விழுவதையெல்லாம் கேட்பான் என்ற பொறிமூளைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். கேட்பானை யாரும் வேவு பார்ப்பதற்காக வைக்கவில்லை. தென்பாறையில் குடியேறிய முதல் பன்னிரண்டு வருடத்தில் நாற்பத்தொரு பேர் காற்றுப்பூட்டைத் திறந்துகொண்டு கவசமில்லாமல் வெளியே நடந்துவிட்டார்கள். அவர்களில் முப்பத்தெட்டு பேர் அதற்கு முந்திய வாரம் யாரிடமோ தங்கள் துக்கத்தைச் சொல்லி அழுதிருக்கிறார்கள் என்று விசாரணையில் தெரிந்தது. ஆட்சி மன்றம் கூடி யோசித்தது. துக்கத்தைச் சொன்னவர்கள் செத்திருக்கிறார்கள். ஆகவே துக்கத்தைச் சொல்லவிடாவிட்டால் சாகமாட்டார்கள். மன்றங்கள் எந்தக் கோளில் இருந்தாலும் இப்படித்தான் யோசிக்கும்.

அன்றிலிருந்து ஒருவர் வாயிலிருந்து துக்கச் சொல் அளவுக்கு மேல் வந்தால் செவிமணி லேசாகச் சூடாகும். தணிப்பு என்ற மருந்து ஒரு சொட்டு ரத்தத்தில் இறங்கும். அது நினைவை அழிக்காது, நினைவின் பல்லை மட்டும் பிடுங்கிவிடும். நடந்தது நடந்ததாகவே தெரியும். ஆனால் அடுத்த வீட்டுக்காரருக்கு நடந்த மாதிரி இருக்கும். தாய்மார் பிள்ளையைப் பறிகொடுத்த மறுவாரம் சிரித்த முகத்தோடு வேலைக்கு வந்தார்கள். காற்றுப்பூட்டுகள் பத்திரமாக மூடியே இருந்தன. நல்ல ஏற்பாடு என்று பூமியிலிருந்துகூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

உலகம்மைக்கும் அவள் கணவர் குற்றாலத்துக்கும் ஒரே மகன், திருமலை. மூன்று வருடத்துக்கு முன்பு, பத்தொன்பது வயதில், ஏழாம் பனிச்சுரங்கம் சரிந்ததில் உள்ளே போய்விட்டான். உடல் கிடைக்கவில்லை. பனி அங்கே கல்லைவிடக் கெட்டி. தோண்டப் போனால் பக்கத்துச் சுரங்கமும் சரியும் என்று அப்படியே விட்டுவிட்டார்கள்.

அந்த வாரத்தில் உலகம்மை ஏழு தடவை கணவரிடம் பேச முயன்றாள். "ஏங்க, நம்ம திருமலை" என்று ஆரம்பிப்பாள். நாலு வார்த்தை போகும். காதுக்குப் பின்னால் சூடாகும். பிறகு பார்த்தால், தோசைக்குத் தொட்டுக்கொள்ள என்ன வேண்டும் என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருப்பாள். ஏழாவது தடவைக்குப் பிறகு அவளுக்கு மகனின் சிரிப்பு நினைவுக்கு வரவில்லை. அவன் சிரிப்பான் என்று தெரிந்தது. எப்படிச் சிரிப்பான் என்று தெரியவில்லை. அவள் பயந்துபோனாள். அன்றிலிருந்து மகனைப் பற்றி வாய் திறக்காமல், நெஞ்சுக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். நினைப்பைக் கேட்பானால் கேட்க முடியாது. ஆனால் நினைத்துக்கொண்டு மட்டும் எத்தனை நாள் இருப்பது? அவளுக்குக் கணவரிடம் சொல்லியாக வேண்டிய ஒன்று இருந்தது.

தென்பாறையில் இருபது வயதுக்குக் குறைந்தவர்கள் சுரங்கத்தில் இறங்கப் பெற்றோரில் ஒருவர் குரல் சம்மதம் தரவேண்டும். திருமலை முதலில் அம்மாவைத்தான் கேட்டான். "ஒரு வருசம் பொறுலே" என்றாள் அவள். மறுநாள் அப்பாவைக் கேட்டான். அப்போது அவர் வகுப்பில் இருந்தார். ஒரு மாணவன் கரும்பலகையில் ஒரு வினையைத் தப்பாக எழுதிவிட்டான். அதைத் திருத்திக்கொண்டே, காதில் ஒலித்த மகனின் குரலுக்கு, "சரி சரி, போ" என்று சொல்லிவிட்டார். என்ன கேட்டான் என்பதையே அவர் சரியாகக் காதில் வாங்கவில்லை என்று உலகம்மைக்குத் தெரியும். அதை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். அவர் அழட்டும், கத்தட்டும், இல்லையென்று சாதிக்கட்டும். எதையாவது செய்யட்டும். அதற்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து மகனுக்காக அழலாம். அவள் கேட்டது அவ்வளவுதான்.

தமிழில் சொல்ல முடியாது. எழுதினால் எழுதுபலகை படித்துவிடும். சைகை காட்டினால் சுவர்க்கண்கள் பார்த்துவிடும்; அதற்கும் கேட்பானிடம் அகராதி இருந்தது. மனிதன் எழுதிவைத்த அத்தனை மொழியும் அதற்குத் தெரியும். புதிதாக ஒரு குழூஉக்குறியை உண்டாக்கினால், அதே சொல் மூன்று தடவை காதில் விழுந்ததும் அகராதியில் ஏற்றிக்கொண்டுவிடும். விடலைப் பிள்ளைகளின் கெட்டவார்த்தைகளைப் பிடிப்பதற்காகப் போட்ட விதி அது.

ஒரே ஒரு ஓட்டை இருந்தது. அந்த ஓட்டை இவர்கள் பிழைப்பிலேயே இருந்தது.

உலகம்மையும் குற்றாலமும் தென்பாறைக் கல்விமாடத்தில் தொல்மொழித் துறையில் வேலை பார்த்தார்கள். பனியை வெட்டித் தண்ணீர் விற்கிற ஊருக்குத் தொல்மொழித் துறை எதற்கு என்று யாருக்கும் தெரியாது. செரஸ் என்பது இத்தாலியப் பழங்குடிகளின் தானிய தேவதையின் பெயர். அந்தப் பெயரில் மயங்கிய யாரோ ஒரு புரவலர், இத்தாலியத் தொன்மொழிக்கு இரண்டு இருக்கைகள் வைத்தால்தான் கல்விமாடம் கட்டித் தருவேன் என்று பிடிவாதம் பிடித்ததாகச் சொல்வார்கள். இரண்டு இருக்கையிலும் இவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

அவர்கள் ஆராய்ந்த மொழிக்கு எழுத்தே கிடையாது. இலத்தீன், ஆஸ்கன், உம்பிரியன் என்ற மொழிகளுக்கெல்லாம் தாயாக, ரோமாபுரிக்கு ஆயிரம் வருடம் முன்னால் பேசப்பட்டு, ஒரு வரிகூடக் கல்லில் ஏறாமல் போய்விட்ட மொழி. தொல் இத்தாலியம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மகள்களின் முகச்சாயலைப் பார்த்துத் தாயின் முகத்தை வரைவது மாதிரி, மகள் மொழிகளை ஒப்பிட்டு அதன் சொற்களை ஒவ்வொன்றாகக் கட்டி எழுப்ப வேண்டும். அப்படி எழுப்பிய சொல்லின் தலையில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி போடுவார்கள். இது எங்கள் ஊகம், இதை யாரும் எழுதிப் பார்த்ததில்லை என்று அதற்கு அர்த்தம்.

ஒரு காலத்தில் இந்த வகுப்புகளில் மாணவர்கள் "சாகிறேன், சாகிறாய், சாகிறான்" என்று வினை வாய்பாடு ஒப்பித்தபோது, மொத்த வகுப்புக்கும் தணிப்பு இறங்கி, எல்லாரும் இளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். துறை மன்றத்திடம் முறையிட்டது. மன்றமும் இரங்கி ஒரு விலக்குத் தந்தது. நட்சத்திரக் குறி போட்ட சொல் சட்டப்படி சொல்லே அல்ல. எத்தனை தடவை ஒலித்தாலும் கேட்பான் அதைச் சேமித்து வைக்கலாமே தவிர, அர்த்தம் பண்ணிக்கொள்ளக் கூடாது. குறி நீங்கிய பிறகுதான் அதற்கு அதிகாரம்.

தமிழின் மூதாதையை எடுத்துக்கொண்டிருக்கலாமே என்று கேட்கலாம். அவர்களும் நினைத்தார்கள். ஆனால் அதில் பாதிச் சொல் இன்றைய தமிழோடு ஒட்டிக்கொண்டு நின்றது. "சா" என்றால் கேட்பானுக்கு யாரும் உரை சொல்ல வேண்டியதில்லை.

முதலில் கிடைத்த சொல் மகன். இலத்தீன் அந்தச் சொல்லைத் தொலைத்துவிட்டு வேறு சொல் வைத்துக்கொண்டது. ஆஸ்கன் மட்டும் அதை உருமாறிய நிலையில் வைத்திருந்தது. அதிலிருந்து பின்னோக்கிப் போனால் புத்லோஸ். புத்திரனுக்குத் தூரத்து உறவு. உலகம்மை அந்தச் சொல்லை ஆய்வறையில் தனியாக உட்கார்ந்து சொல்லிப் பார்த்தாள். புத்லோஸ். காதுக்குப் பின்னால் விரலை வைத்துக்கொண்டு மறுபடி சொன்னாள். மணி சூடாகவில்லை. மூன்றாம் தடவை சொல்லும்போது கண்ணீர் வந்துவிட்டது. கண்ணீர் கேட்பானின் கணக்கில் வராது. பனித்தூசியில் அங்கே எல்லார் கண்ணும் நீர் விடும். அவள் அரைமணி நேரம் தன் மகனைப் பெயர் சொல்லாமல் அழைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போய்க் கணவரிடமும் சொன்னாள். அவர் அந்தச் சொல்லை மெதுவாக இரண்டு தடவை திரும்பச் சொன்னார். பிறகு, "வினை வேணும்" என்றார். "பேரை மட்டும் வச்சுக்கிட்டு என்ன செய்ய?"

அது உண்மைதான். பெயர்ச்சொல் இருந்தால் ஆளைக் கூப்பிடலாம். அவனுக்கு என்ன ஆயிற்று என்று சொல்ல வினை வேண்டும். வினைக்குக் காலம் வேண்டும். யார் செய்தது என்று சொல்ல இடம் வேண்டும், எண் வேண்டும். தொல் இத்தாலிய வினைகளோ பிடி கொடுக்காதவை. மூன்று வருடம் ஆயிற்று. காலையில் வகுப்பு, மாலையில் ஆய்வறை. குற்றாலத்துக்கு வினைகளில் நல்ல தேர்ச்சி. கொடுத்தான் என்பதை இலத்தீன், ஆஸ்கன், உம்பிரியன் மூன்றும் முதல் அசையை இரட்டித்தே சொன்னதால் அது ஒரே வாரத்தில் கிடைத்தது. இறந்தான் என்பதற்கு எட்டு மாதம் பிடித்தது. அன்றைக்கு இரண்டு பேரும் அதைச் சேர்ந்து உச்சரித்துப் பார்த்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மிச்சமிருந்தது செய்தாய். அதில்தான் இடித்தது. இலத்தீன் அந்த வினையின் உயிரை நெடிலாக்கி ஃபேக என்று சொன்னது. ஆஸ்கன் இரட்டித்து ஃபெஃபக என்றது. தாய் எதைச் சொன்னாள்? உலகம்மை நெடில் கட்சி. குற்றாலம் இரட்டிப்புக் கட்சி. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வாய்பாட்டில் அந்தக் கட்டத்தில் இரண்டையும் எழுதி ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தார்கள்.

ஓய்வுநாள் காலை. குற்றாலம் பாசிமாவுத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். உலகம்மை எதிரே வந்து நின்றாள். மூன்று வருடமாக நெஞ்சில் வைத்திருந்ததை அந்த மொழியில் சொன்னாள்.

"நோஸ்டெரோஸ் புத்லோஸ் மோர்த்வோஸ் எஸ்த். தூ ஃபேகிஸ்தை."

நம் மகன் இறந்தான். நீ செய்தாய். அந்த மொழியில் நீங்கள் கிடையாது. ஒற்றை ஆள் என்றால் நீதான். இருபத்து நாலு வருடக் குடும்பத்தில் அவள் அவரை முதல்முறையாக நீ என்று சொன்னாள். மணி சூடாகவில்லை. துக்கம் முழுசாக, பல்லோடு, அங்கேயே நின்றது. அதேநேரம் அவளுக்கு அப்பாடா என்றும் இருந்தது.

குற்றாலம் தோசையைத் திருப்ப மறந்து அவளையே பார்த்தார். அவர் முகம் கலங்குவதை அவள் பார்த்தாள். இதோ வந்துவிட்டது என்று நினைத்தாள். அவர் சொன்னார்:

"ஃபேகிஸ்தை இல்ல. ஃபெஃபகிஸ்தை."

"என்னது?"

"ஆஸ்கன்ல ரெட்டிச்சுதான வருது. அதுதான் பழசு. நீ சொல்லுதது இலத்தீன் பொறவு செஞ்சுக்கிட்டது."

"நான் என்ன சொன்னேன்னு ஒங்க காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு. அதனாலதான் சொல்லுதேன். அந்த வினை அப்படி வராது."

அவர் ஒளிந்துகொள்ள இடம் தேடுகிறார், கிடைத்த பொந்துக்குள் தலையை நுழைத்துவிட்டார் என்று உலகம்மைக்கு அந்த நிமிஷமே புரிந்தது. விடு, அதைப் பிடிக்காதே, மகனைப் பிடி என்று அவள் மனசு சொன்னது. ஆனால் அவள் வாய் இருபது வருடமாக வகுப்பு எடுத்த வாய். "வராதுன்னு எத வச்சு சொல்லுதீங்க? கிரேக்கத்துல நெடில்தான நிக்கி?" என்று அது கேட்டுவிட்டது.

"கிரேக்கம் வேற கிளை. அத எதுக்கு இங்க இழுக்க?"

"ஒங்களுக்கு வேணும்னா இழுப்பீக. நான் இழுத்தா தப்பா?"

தோசை கருகிப் புகை வந்து, கூரையிலிருந்த காற்றுக்குழாய் சீறத் தொடங்கியது. மத்தியானம்வரை பேசினார்கள். மூன்று வருடத்தில் அவர்கள் அவ்வளவு பேசியதே இல்லை. அதில் மகனைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

பத்து நாள் கழித்து ஆவணக்கூடத்திலிருந்து மரியதங்கம் வந்தாள். ஆய்வேடுகளைப் பதிவு செய்கிறவள்; உலகம்மைக்கு வெகுநாள் பழக்கம்.

"ஒங்க வீட்டுக்காரர் ஒரு கட்டுரை குடுத்துட்டுப் போயிருக்காரு, டீச்சர். செய்தல் வினையோட இறந்தகாலம் பத்தி. ஒங்களுக்கு ஒரு படி குடுக்கணும்னு விதி. மறுப்பு எழுதணும்னா முப்பது நாள். எழுதலேன்னா பழையபடி ஊகம்னே விட்டுருவோம்."

"எழுதினா?"

"ரெண்டு தரப்பும் ஆச்சுன்னா பூமியில மூணு பேர் உக்காந்து தீர்ப்புச் சொல்லுவாக. தீர்ந்த வழக்குல வந்த வடிவத்துக்கெல்லாம் நட்சத்திரம் போயிரும். பிற்சேர்க்கையோட சேத்து."

உலகம்மைக்கு அது தெரியாததல்ல. ஒரு தரப்பு மட்டும் எழுதினால் குறி நிற்கும். மறுதரப்பும் எழுதினால் குறி போகும். குறி போனால் கேட்பானுக்குக் காது திறக்கும். அவர்களுடைய புத்லோஸ், அவர்களுடைய மோர்த்வோஸ், மூன்று வருடம் தேடிக் கட்டிய அந்த ஒற்றை மறைவிடம் எல்லாம் போய்விடும். அவள் செய்யவேண்டியது ஒன்றுமே இல்லை. சும்மா இருந்தால் போதும்.

கட்டுரையை அவள் பெட்டியில் போட்டுப் பூட்டினாள். இரண்டாம் நாள் எடுத்துப் படித்தாள். பதினாலாம் பக்கத்தில், "சில ஆய்வாளர்கள் போதிய சான்றின்றி நெடில் வடிவத்தை மூத்ததென்று கருதி மயங்குகின்றனர்" என்று இருந்தது. உலகத்தில் அந்த மொழியை ஆராய்கிற ஆட்களே ஒன்பது பேர். நெடில் கட்சியில் அவள் ஒருத்திதான். சில ஆய்வாளர்களாம். மயங்குகிறார்களாம். அந்த வரியை ஒரு நாளைக்கு நாலு தடவை எடுத்துப் பார்த்தாள். மகன் போன வாரத்தில்கூட அவளுக்கு அப்படித் தூக்கம் கெடவில்லை. அப்போது தணிப்பு இருந்தது. வினைமுற்று பற்றிய கோபத்துக்குத் தணிப்பு கிடையாது.

இருபத்தெட்டாம் நாள் அவரிடமே கேட்டாள். "அத திரும்ப வாங்கிருங்க."

"என்னத்துக்கு? அதுல என்ன தப்பு?"

"நம்ம பேசுத மொழி அது. அதுவும் போயிட்டா அவனைப் பத்தி எங்க போயி பேச?"

குற்றாலம் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னார்: "நீ பதில் எழுதாட்டா ஒண்ணும் ஆவாது. முப்பது நாள்ல தானா விழுந்துரும். யாரு ஒன்ன எழுதச் சொன்னா?"

"எழுதாட்டா நான் சொன்னது தப்புன்னு ஆயிரும்லா."

"ஆவாதா பின்ன?" என்றார் அவர்.

அவர் அந்த இரண்டு சொல்லைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவள் அதைக் கேட்டும் கேட்காதவள்போல் போயிருக்கலாம். தென்பாறையில் அப்படி யாரும் இருந்ததில்லை. பூமியிலும் இருந்ததாகத் தகவல் இல்லை.

உலகம்மை ஆய்வறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இதை எனக்காக எழுதவில்லை, திருமலைக்காக எழுதுகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவனுக்காக நான் சொன்ன ஒரே வாக்கியத்தில் பிழை என்று உலகம் சொல்லக் கூடாது. அறுபத்திரண்டு பக்கம் வந்தது. நெடில் வடிவத்துக்குச் சான்றாகக் கிரேக்கத்தை வைத்தாள், ஒலிமாற்ற விதிகளை வைத்தாள். பிற்சேர்க்கையில் முழு வினை வாய்பாட்டையும் சேர்த்தாள். பேச்சில் அந்த வடிவம் இயல்பாக வருகிறது என்று காட்ட, அன்று அடுப்படியில் சொன்ன வாக்கியத்தையும் எடுத்துக்காட்டாகப் போட்டாள். முப்பதாம் நாள், கூடம் மூட ஒரு மணி நேரம் இருக்கும்போது கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மரியதங்கம் கட்டின் கனத்தைப் பார்த்துவிட்டு, "நல்லா யோசிச்சிட்டீகளா, டீச்சர்?" என்றாள்.

"பதினாலாம் பக்கத்தப் படிச்சியா நீ?" என்றாள் உலகம்மை.

வெளியே வந்து பத்தடி நடந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. திரும்பி ஓடினாள். கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் பதிவு செய்ததைத் திரும்பப் பெற மறுதரப்பின் கையெழுத்து வேண்டும். கணவரைத் தேடிப் போனாள். கையெழுத்துக் கேட்டாள். "நான் எழுதினதுக்கு நீ என்ன எழுதியிருக்கேன்னு பாக்காம எப்படிப் போடுவேன்?" என்று சொல்லி அவர் படிக்க உட்கார்ந்தார். இருபதாம் பக்கம் வந்தபோது பேனாவை எடுத்தார். ஓரத்தில் குறிப்பு எழுதுவதற்குத்தான். அவள் அதற்குமேல் கேட்கவில்லை.

தீர்ப்பு வர நாலு மாதம் ஆயிற்று. அந்த நாலு மாதத்தில் அவர்கள் அந்த மொழியில் பேசியிருக்கலாம். மகனுக்காகத் தினமும் அழுதிருக்கலாம். இரண்டு பேருமே மறுமொழிக் கட்டுரைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். பூமியிலிருந்து வந்த முடிவு, எல்லா மத்தியஸ்தர்களும் சொல்வதுதான்: நெடிலும் இரட்டிப்பும் தாய்மொழியில் அருகருகே வழங்கியிருக்க வேண்டும், இரு தரப்பும் சரி. வாய்பாடு முழுவதற்கும், பிற்சேர்க்கையிலிருந்த எடுத்துக்காட்டுச் சொற்கள் உட்பட, நட்சத்திரக் குறி நீக்கப்பட்டது.

அப்போது அவர்கள் துறை நடைவழியில் எதிரெதிரே வந்துகொண்டிருந்தார்கள். மூன்று வருடமும் சேமித்துவைத்திருந்த ஒலிகளையெல்லாம் கேட்பான் ஒரே மூச்சில் அர்த்தம் பண்ணிக்கொண்டது. ஏழாயிரத்துச் சொச்சம் துக்கச் சொற்கள் நிலுவையில் நின்றன. அதன் கடமையில் அது ஒருநாளும் தவறியதில்லை. இரண்டு பேருக்கும் காதுக்குப் பின்னால் சுட்டது. உலகம்மைக்கு என்ன நடக்கிறதென்று தெரிந்தது. "ஏங்க, அவன் பேரைச் சொல்லுங்க, சீக்கிரம், ஒரு தடவை" என்று கையை நீட்டினாள். குற்றாலமும் வாயைத் திறந்தார். பிறகு இருவரும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். மாணவர்கள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். கால்மணி நேரத்தில் எழுந்து, உடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, அவரவர் வகுப்புக்குப் போனார்கள்.

தணிப்பை ஒரு சொட்டாகத்தான் இதுவரை கொடுத்திருக்கிறார்கள். அவ்வளவையும் மொத்தமாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யாரும் பார்த்ததில்லை. பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. தங்களுக்கு ஒரு மகன் இருந்தான், இறந்துவிட்டான் என்று அவர்களுக்குத் தெரியும். சின்ன வயதில் அம்மை போட்டிருந்தது என்று தெரிவதுபோலத் தெரியும். யாராவது கேட்டால் வருடம் தேதியோடு சொல்வார்கள்.

மறுவருடம் அந்தக் கட்டுரைகளையெல்லாம் சேர்த்துத் தொல் இத்தாலிய வினைகள் என்று ஒரே நூலாகக் கொண்டுவரக் கல்விமாடம் முடிவு செய்தது. மரியதங்கம் மெய்ப்புப் படிகளோடு ஒருநாள் காலை இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"எல்லாம் சரியா இருக்கு. நூத்திநாப்பதாம் பக்கத்துல மட்டும் ஒரு சந்தேகம். 'நம் மகன் இறந்தான். நீ செய்தாய்'னு ஒரு வாக்கியம் கெடக்கு. எடுத்துக்காட்டு எங்கருந்து வந்ததுன்னு கீழ குறிப்புப் போடணும். இதுல மகன்ங்கது யாரு?"

உலகம்மை அந்தப் பக்கத்தை வாங்கிப் பார்த்தாள். இரண்டு தடவை படித்தாள். ஏதோ சொல்ல வந்தவள்போல் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவரும் எட்டிப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"யாரும் இல்ல. ஒரு உதாரணத்துக்கு எழுதினது," என்றாள் அவள்.

"உதாரணத்துக்கு யாராவது இப்படிச் சாவும் பழியுமா எழுதுவாகளா, டீச்சர்?"

"அந்த வினைக்கு வேற வாக்கியம் அமையல," என்றார் குற்றாலம்.

"சரி, குறிப்புல பேரு ஒண்ணு போட்டாகணுமே. காலியா விட்டா அச்சகத்துல திருப்பி அனுப்பிருவாக."

தமிழ் இலக்கண ஆசிரியர்கள் தலைமுறை தலைமுறையாக வர வைத்தும், போக வைத்தும், உண்ண வைத்தும், சாக வைத்தும் பழக்கப்பட்ட ஒரு பெயர் உண்டு. உலகம்மைக்கு அது சட்டென்று நினைவுக்கு வந்தது.

"சாத்தன்னு போட்டுக்கோங்க," என்றாள்.

மரியதங்கம் எழுதிக்கொண்டாள். இருவரும் எழுந்து வெளியே வந்தார்கள். கதவைத் தாண்டும் முன்பே குற்றாலம், என்ன இருந்தாலும் இரட்டித்ததுதான் மூத்தது என்று ஆரம்பித்துவிட்டார். உலகம்மை விடவில்லை. கையை ஆட்டி ஆட்டி, சிரித்துக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு அவர்கள் நடைவழியில் போனதைப் பார்த்தவர்கள், தென்பாறையில் இப்படி மனமொத்த தம்பதி வேறு இல்லை என்று சொன்னார்கள்.